ஈமமேடுகளும் மண்டையோடுகளும்

மாண்டவர் பேசுவதில்லை. ஆயினும் அவர்தம் எலும்புகளைப் பேச வைக்க மனிதன் முயன்ற வரலாறு நெடியது. அம்முயற்சியில் எலும்பின் சாட்சி எது, அதனைக் கையில் ஏந்தியவனின் எண்ணம் எது என்று பிரித்தறிவது எளிதன்று. இங்கிலாந்தின் பண்டைய ஈமமேடுகளில் கிடைத்த மண்டையோடுகளின் கதை இவ்வுண்மையை நமக்கு நன்கு உணர்த்துகிறது.

அந்நாட்டின் தென்பகுதியில், குறிப்பாக வில்ட்ஷயர் பகுதியின் புல்வெளிகளில், இருவகை மேடுகள் காணப்படுகின்றன. ஒருவகை நீண்டது. அவற்றுள் சிலவற்றில் பெருங்கற்களால் அறைகள் அமைத்து, பலருடைய உடல்களை ஒன்றாக இட்டு, மேலே மண்ணையும் கல்லையும் குவித்தனர். ஏவ்பரி என்னும் ஊருக்கு அருகிலுள்ள மேற்குக் கென்னட் மேடு ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுடையது. இவை 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட புதிய கற்காலத்தைச் சேர்ந்தவை. மற்றொரு வகை வட்டமானது. இதில் பெரும்பாலும் ஒருவரையோ சிலரையோ தனித்துப் புதைத்தனர். மணிவடிவக் குவளையோ வெண்கலக் கத்தியோ அருகில் வைக்கப்பட்டதுண்டு. இவற்றுள் மிகப்பல கி.மு. 2400க்குப் பிற்பட்டவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மேடுகளை அகழ்ந்தவர்களுள் ஜான் தர்னம் குறிப்பிடத்தக்கவர். வில்ட்ஷயர் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் இவர். 1859இல் மேற்குக் கென்னட் மேட்டைத் திறந்து ஆராய்ந்தார். ஜோசப் பர்னார்ட் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து, பிரித்தானிய மண்டையோடுகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1865இல் நிறைவு செய்தார்.

மண்டையோட்டை வகைப்படுத்தும் முறையை வகுத்தவர் சுவீடன் நாட்டு உடற்கூற்றறிஞர் ஆன்டர்ஸ் ரெட்சியஸ். மண்டையோட்டின் அகலத்தை நூறால் பெருக்கி நீளத்தால் வகுப்பது அவர் காட்டிய வழி. பின்வந்தோர் அதற்கு எல்லைகள் குறித்தனர்: விடை 75க்குக் குறைந்தால் நீள்தலை, 80க்கு மேற்பட்டால் அகன்ற தலை. இவ்வாறு அளந்து பார்த்த தர்னம் ஒரு பொருத்தத்தைக் கண்டார். நீண்ட மேடுகளில் கிடைத்தவை நீண்ட மண்டையோடுகள். வட்ட மேடுகளில் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை உருண்டவை. முதலில் வாழ்ந்த மக்கள் வேறு, பின்னர் வந்தேறியவர் வேறு என்று அவர் முடிவு செய்தார். டர்ஹாம் பேராலயத்தின் ஆங்கிலிக்கன் குரு வில்லியம் கிரீன்வெல்லும், ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஜார்ஜ் ரோல்ஸ்டனும் 1877இல் வெளியிட்ட நூல் இவ்வாராய்ச்சியை மேலும் விரித்தது.

இதுவரை நடந்தது அளவை. இடர் இதற்கடுத்த படியில்தான் நேர்ந்தது. தலையின் வடிவம் என்றும் மாறாத இனமுத்திரை என்று பலர் கொண்டனர். மனித இனங்கள் தனித்தனியே தோன்றியவை என்று கருதியவர்களுள் டேவிசும் ஒருவர். வடிவத்திலிருந்து அறிவையும், அறிவிலிருந்து தகுதியையும், தகுதியிலிருந்து ஆளும் உரிமையையும் வருவித்தவர்கள் அந்நூற்றாண்டில் குறைவல்லர். நம் தாமிரபரணிக் கரையும் இவ்வளவைக்குத் தப்பவில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளையும் அளந்து இனவகைகளுள் பொருத்திக் காட்டிய ஆய்வு 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஜெர்மனியில் இனக்கொள்கை எத்தகைய கொடுமைக்கு வழிவகுத்தது என்பதை உலகம் அறியும்.

எதிர்க்குரலும் எழாமல் இல்லை. நியூயார்க்கில் குடியேறியவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்த பிரான்ஸ் போவாஸ், புதிய நாட்டில் பிறந்த பிள்ளைகளின் தலைவடிவம் பெற்றோரினின்று மாறுபடுவதை 1912இல் எடுத்துக்காட்டினார். மாற்றத்தின் அளவைப் பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. எனினும், தலைவடிவம் அசையாத முத்திரை என்னும் எண்ணம் ஆட்டங்கண்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொல்லியலாளர் பலர் படையெடுப்புக் கதைகளையே ஐயுற்றனர். மக்கள் இடம்பெயராமலே பானையும் பழக்கமும் பரவக்கூடும் என்றனர்.

ஆனால் கதை அங்கும் முடியவில்லை. உள்செவியைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான எலும்பில் மரபணு நெடுங்காலம் அழியாமல் தங்குகிறது. அதனைக் கொண்டு பண்டைய ஐரோப்பியர் ஏறத்தாழ 400 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2018இல் வெளியாயின. குவளைகளோடு புதிய மக்களும் பிரித்தானியாவுக்கு வந்தனர் என்பதும், சில நூறாண்டுகளுக்குள் அத்தீவு மக்களின் மரபில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாறிற்று என்பதும் தெரியவந்தன. வந்தேறியவர் உண்டு என்று தர்னம் கண்டது சரியே. ஆனால் உயர்வும் தாழ்வும் அந்த எலும்பில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அவை அளந்தவர்களின் காலத்து எண்ணங்கள்.

அந்த எலும்புகள் உண்மையில் எவற்றைச் சொல்லக் காத்திருந்தன என்பதற்கு இரு சான்றுகள் போதும். குளொஸ்டர்ஷயரில் ஹேசில்டன் என்னுமிடத்தில், ஏறத்தாழ 5,700 ஆண்டுகளுக்குமுன் எழுப்பப்பட்ட நீண்ட மேடு ஒன்றிலிருந்து 35 பேரின் மரபணு ஆராயப்பட்டு, 2022இல் முடிவு வெளியாயிற்று. அவர்களுள் 27 பேர் ஐந்து தலைமுறையினரான ஒரே குடும்பத்தினர். ஓர் ஆணுக்கும் நான்கு பெண்களுக்கும் பிறந்த வழியினர். எந்தத் தாயின் வழிவந்தவர் என்பதைப் பொறுத்து அடக்க அறை அமைந்தது. அது மட்டுமன்று. அக்குடும்பத்து ஆடவரை மணந்த பெண்களுக்கு வேறு தந்தையரால் பிறந்த மைந்தர்களும் அங்கேயே அடக்கம் பெற்றிருந்தனர். குருதியால் பிறவாதவனையும் மகனென ஏற்று, தம் மூதாதையரோடு துயில இடமளித்தவர்கள் அவர்கள்.

மற்றொன்று: பிரித்தானியப் புதிய கற்கால மண்டையோடுகள் ஏறத்தாழ 350ஐ அறிஞர் இருவர் மீண்டும் நோக்கினர். ஏறத்தாழ இருபதில் ஒன்றில் அடிபட்டு ஆறிய தழும்பு இருந்தது. ஐம்பதில் ஒன்றில் ஆறாத காயம் இருந்தது. சகோதரனைச் சகோதரன் தாக்கிய கொடுமை அன்றும் இருந்தது என்பதற்கு இவை சான்று. ஆயினும், ஆறிய தழும்பு வேறொன்றையும் நினைக்கச் செய்கிறது. மண்டை பிளந்தவன் எழுந்து நடமாடும்வரை அவனுக்கு நீரும் உணவும் கொடுத்துக் காத்தவர் யாரேனும் இருந்திருக்க வேண்டுமல்லவா?

பகையும் பரிவும், பிறப்பால் வந்த உறவும் ஏற்றுக்கொண்ட உறவும் அந்த மேடுகளில் ஒருசேரக் கிடக்கின்றன. நீளத்தையும் அகலத்தையும் மட்டும் அளந்தவர்களுக்கு இவை புலப்படவில்லை. அவர்களுடைய கருவி குறையுடையது என்று மட்டும் சொல்லி நாம் அமைந்துவிட இயலாது. அவர்கள் எழுப்பிய கேள்வியே குறுகியதாயிருந்தது. இவர் எவ்வினம் என்று கேட்டவர்களுக்கு ஓர் எண் கிடைத்தது. இவர் யாருக்கு மகன், யாருக்குத் தாய், இவரைப் பேணியவர் உண்டா என்று கேட்டபோதுதான் மனிதர் தென்பட்டனர். நேற்றைய எலும்பிடம் மட்டுமன்று, இன்று நம் தெருவில் நடமாடும் மனிதரிடமும் நாம் முதலில் எதைக் கேட்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.