ஊருக்குள்ளயா, காலனியா?

எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களில் வெளியாள் ஒருத்தர் வந்து நின்றால் முதலில் 'எந்த ஊரு?' என்பார்கள். அடுத்து, 'ஊருக்குள்ளயா, காலனியா?' இதற்குப் பதில் சொல்லிவிட்டால் போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. கொலோனுஸ் என்றால் உழவன். ரோமாபுரிக்காரன் தான் பிடித்த நாட்டில் தன் ஆட்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய இடம் கொலோனியா. பிற்பாடு ஐரோப்பியர் கப்பலேறிப் பிடித்த நாடெல்லாம் காலனி. நம் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரன் பிடுங்கினான். 1825-இல் அது இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. ஆக, காலனி என்பது நிலத்தையும் கடலையும் பிடித்தவனுடைய சொல்.

அது பறிகொடுத்தவன் தெருவுக்கு எப்படி வந்தது? சர்க்கார் ஊருக்கு வெளியே மனை ஒதுக்கி, வரிசையாக வீடு கட்டி, அரிசன காலனி என்றும் ஆதிதிராவிடர் காலனி என்றும் பலகை மாட்டியது. வீடு கட்டித்தர 1974-இல் தாட்கோவே வந்தது. நாளாவட்டத்தில் முன்னொட்டு உதிர்ந்து, வெறும் காலனி என்றாலே நாம் என்றாகிவிட்டது. டவுனில் பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் மட்டும் அதே சொல்லுக்கு மரியாதை. மரியாதையும் இழிவும் சொல்லில் இல்லை. குடியிருப்பவன் யார் என்பதில் இருக்கிறது.

2024 ஜூனில் கேரள அரசு இச்சொல்லை நீக்க உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் 29-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இது நீக்கப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். பேரை மாற்றுவது சின்ன விஷயமில்லை. பறையர், பஞ்சமர் என்று எழுதிவந்த அரசு ஏடுகளில் 1922-இல் ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தது எம்.சி. ராஜா நடத்திய போராட்டம்.

ஆனால் பலகையில் 'நகர்' என்று எழுதிவிட்டு அதே இடத்தில் வைத்திருந்தால், நாளைக்கு 'ஊருக்குள்ளயா, நகரா?' என்று கேட்கத்தான் போகிறார்கள். புதுப்பேரும் பழைய அழுக்கைச் சுமக்கும்.

ரோமாபுரிக் காலனியில் உழ நிலம் இருந்தது. நமக்கு வந்த காலனியில் சில சென்ட் மனைதான். உழுவது அடுத்தவன் காடு. 1892 உத்தரவால் கிடைத்த பஞ்சமி நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனையே போட்டார்கள். அதிலும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று.

சொல்லை எடுக்கிறவர்கள் அந்த நிலத்தை மீட்டுக் கொடுக்கட்டும். இனி ஒதுக்குகிற மனையை ஊர் நடுவில் ஒதுக்கட்டும். அன்றைக்குத்தான் ஊர் என்ற சொல்லும் எல்லோருக்கும் பொதுவாகும்.