அமைச்சரின் செயலாளர்

1985 ஆகஸ்டில் மேற்கு ஜேர்மனியின் பொருளாதார அமைச்சர் மார்ட்டின் பாங்கெமானின் செயலாளர் திடீரெனக் காணாமல் போனார். அந்தக் கோடையில் நான் பேர்லின் அகதி முகாமில் இருந்தேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, கிழக்கிலிருந்து ரயிலேறி மேற்குக்கு வந்த தமிழ்ப் பொடியன்களில் ஒருவன். "நீ இன்னார்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எங்களைக் குடைந்து குடைந்து கேட்டார்கள். அதே நாட்டில் ஒருத்தி வருஷக்கணக்காக இன்னொருத்தியின் பெயரில் அமைச்சர் அலுவலகம் வரை போயிருக்கிறாள்!

அவருடைய நிஜப் பெயர் ஜொஹானா ஓல்பிரிக். 1926இல் பிறந்தவர், ஆசிரியையாக இருந்தவர், கிழக்கு ஜேர்மன் உளவுத்துறையான ஸ்டாசியின் ஆள். அவர் எடுத்துக்கொண்ட பெயர் பேர்லினில் முடி அலங்காரத் தொழில் செய்த ஒரு பெண்ணுடையது. அந்தப் பெண் கிழக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பறிகொடுத்தவரை இன்னொருமுறை சந்திக்கு இழுப்பானேன்?

ஜேர்மனியில் வீடு மாறினால் புதிய ஊரில் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்ற அந்தச் சடங்கு இங்கு வாழும் எல்லாருக்கும் தெரியும். கிழக்குக்குப் போனவரின் பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் மேற்கின் பதிவேட்டில் அப்படியே கிடக்கும். உளவாளி வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் போல அந்த விவரங்களோடு ஓர் ஊரில் பதிவார். அடுத்த ஊர் அலுவலகம் முந்தைய ஊர்க் காகிதத்தை நம்பும். மூன்றாவது ஊர் போவதற்குள் பொய்க்குத் தாடி முளைத்துவிடும்.

1970களில் கொலோன் நகரிலுள்ள உள்நாட்டு உளவுத்துறை இந்தத் தடத்தைப் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய, உறவுக்காரர் வந்துபோகாத, தனித்து வாழும் ஆட்களைப் பதிவேடுகளில் தேடினார்கள். பலர் மாட்டினார்கள், பலர் கிழக்குக்கு ஓடினார்கள். ஓல்பிரிக் தப்பினார். கடைசியில் அவரைக் கவிழ்த்தது ரோமில் தொலைந்த ஒரு பைதான். அதற்குள் போலிக் கடவுச்சீட்டு இருந்ததால் ஸ்டாசி அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. பேர்லின் சுவர் விழுந்தபின் 1991இல் கைதானார். பிறகு டுசல்டோர்ஃப் நீதிமன்றம் இரண்டரை வருஷத் தண்டனை விதித்தது. குறைவென்றே எனக்குப் படுகிறது.

இப்போது மொழிபெயர்க்கத் துணையாக நம்மவர்களோடு அலுவலகங்களுக்குப் போகிறேன். இன்றைய கள்ளர்களுக்கு ஊர் ஊராக அலையத் தேவையில்லை. "வீட்டிலிருந்தே செயலியைச் சோதித்துப் பார்க்கும் வேலை" என்று விளம்பரம் வரும். பொடியன் கைபேசிக் கமராவில் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டுவான். சோதனை என்று அவன் நினைப்பான். நிஜத்தில் அவன் பெயரில் வங்கிக் கணக்கு திறந்திருக்கும். அதில் ஏமாற்றுப் பணம் ஓடும். அவனுக்கு வரும் முதல் கடிதம் பொலிஸிடமிருந்து.

அப்படி நடந்தால் உடனே பொலிஸில் முறைப்பாடு, பிறகு வங்கிக்கும் ஷூஃபாவுக்கும் அறிவிப்பு. கடன் வரலாறு வைத்திருக்கும் ஷூஃபாவிடம் நம் கோப்பின் பிரதியை இலவசமாகக் கேட்கலாம். அதற்குக் காசு கேட்கும் இணையப் பக்கங்களை நம்ப வேண்டாம். தெரியாத கணக்கு இருந்தால் அதில் தெரியும். வங்கி அட்டை தொலைந்தால் அதை முடக்க 116 116க்கு அழைக்கலாம்.

வாடகை வீடு பார்க்கப் போகுமுன்பே அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. அட்டையின் நகல் நகலென்றே தெரிய வேண்டும் என்று 2017இலிருந்து சட்டம் சொல்கிறது. ஆகவே குறுக்கே "நகல்" என்றும் யாருக்கு, எதற்கு என்றும் எழுதச் சொல்கிறேன். தேவையற்ற எண்களை மறைக்கச் சொல்கிறேன். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அட்டையை நேரில் பார்க்கலாம், நம் சம்மதமின்றி நகலெடுக்க முடியாது.