முரளி தோட்டத்து ஆளா?

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் லயன் முற்றத்துப் பையன்கள் டெனிஸ் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து கீழே தேயிலைக்குள் போனால் அவுட். ஒருவன் மணிக்கட்டைச் சுழற்றி வீசினான். "முரளி மாதிரியா?" என்றேன். "அவரு கண்டிக்காரருண்ணே, தோட்டத்து ஆளு இல்ல" என்றான்.

பாதி சரி. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னர் அவர் இந்தியா திரும்ப, மகன் முத்தையா கண்டியில் தங்கி பிஸ்கட் தொழிலில் இறங்கினார். 1977 வன்செயலில் அந்த ஆலை எரிக்கப்பட்டது, முத்தையா தாக்கப்பட்டார். முரளிக்கு அப்போது ஐந்து வயது.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவரை, 14 வயதில் சுழலுக்கு மாற்றியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை 'நோபோல்' என்றார். பந்தை எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில் அவரது முழங்கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. வளைந்த கை தவறல்ல. வீசும்போது அதை நிமிர்த்துவதுதான் தவறு. எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை நிமிர்த்தலாம் என்ற விதி 2005இல்தான் வந்தது. அதற்கிடையில், 1998இல் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்துவிட்டிருந்தார்.

2010 ஜூலை 22, காலி. தனது கடைசி டெஸ்ட் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தினார். 133 டெஸ்டில் 800 விக்கெட். ஒருநாள் போட்டிகளில் 534.

இந்த எண்களை எங்களில் பலர் பெருமையோடு சொல்வதில்லை. 2009 பற்றி 2019 தேர்தல் காலத்தில் அவர் பேசியது அப்படி. இரு தரப்பிலும் சாவு நின்றதைத்தான் சொன்னேன் என்று பின்னர் விளக்கினார். பிள்ளையைத் தேடும் தாய்க்கு அந்த விளக்கம் போதாது, எனக்கும் போதவில்லை. 2020இல் எதிர்ப்புக்குப் பின் விஜய் சேதுபதி '800' படத்திலிருந்து விலகினார். வேறொரு நடிகருடன் படம் 2023இல் வந்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த சில செய்திகளில் 'தோட்டக்காட்டான்' என்ற வசையும் இருந்தது. கோபம் ஒருவர் மேல், வசை ஒரு சமூகத்தின் மேல்.

அந்தப் பையன் சொன்ன மற்றப் பாதி இதுதான்: முரளிக்குக் கண்டியில் பெரிய பாடசாலை இருந்தது, மைதானமும் பயிற்றுநரும் இருந்தார்கள், செலவு செய்யத் தகப்பனிடம் ஓர் ஆலை இருந்தது. இவனுக்கு லெதர் பந்து கூட இல்லை. கையில் இருந்த டெனிஸ் பந்தும் அன்று மாலை தேயிலைக்குள் போனது. இருட்டும்வரை எல்லோருமாகத் தேடினோம்.