படக்கதை நூல்களின் அட்டை ஓவியம்: பம்பாயும் சிவகாசியும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியச் சிறுவர் விரும்பிப் படித்த நூல்வகைகளுள் படக்கதையும் ஒன்று. அதன் கதைப்பொருள், அது காட்டும் வரலாறு, அதன் சமயச் சார்பு, அதில் இடம்பெறும் பெண்பாத்திரங்கள் ஆகியன பற்றி ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அமர் சித்திரக் கதை வரிசையை விரிவாக ஆராய்ந்த நந்தினி சந்திராவின் நூல் 2008இலும், கார்லைன் மெக்லேனின் நூல் 2009இலும் வெளிவந்தன. ஆயினும், கடையில் தொங்கிய நூலை வாசகன் கையில் எடுக்கக் காரணமாக இருந்த அட்டை ஓவியம், கதையோடு சேர்த்தே பெரும்பாலும் நோக்கப்படுகிறது. அட்டை ஓவியமோ உள்பக்கப் படத்திலிருந்து வேறுபட்ட பொருள்களால், வேறுபட்ட முறையில், பல வேளைகளில் வேறொருவர் கையால் ஆக்கப்பட்டது. எனவே அதற்குத் தனி வரலாறு உண்டு.

ஓர் ஓவியத்தைப் பல மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவாக்கிய பம்பாய் முறையையும், அயல்நாட்டுக் கதைக்குத் தமிழ்ப் பதிப்பின் பொருட்டுப் புதிய ஓவியம் தீட்டிய சிவகாசி முறையையும் ஒப்பிட்டு, அட்டை ஓவியம் மொழிபெயர்ப்போடு கொண்ட உறவை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கோடும் வண்ணமும்

படக்கதையின் உள்பக்கம் கோட்டினால் ஆனது. ஓவியர் கறுப்பு மையால் கோடு வரைவார். வண்ணம் வேண்டுமாயின் கோட்டுக்குள் சமதளமாக நிரப்பப்படும். மலிவான தாளில் விரைவாக அச்சிட இம்முறையே ஏற்றது. ஒளி நிழல் வேறுபாடு, தோலின் மென்மை, மாலை வானின் படிப்படியான நிறமாற்றம் ஆகியவற்றுக்கு அங்கே இடம் குறைவு. அட்டை தனித்தாளில், தனி அச்சில் வருவது. உள்ளே இடம்பெற இயலாத வண்ண நுட்பங்கள் அனைத்தும் அங்கே இடம்பெற்றன.

இவ்வேறுபாட்டை வாணிக உத்தியாக வளர்த்தது அமெரிக்கா. ஆல்பர்ட் கான்டர் 1941இல் தொடங்கிய வரிசை, இலக்கியப் புகழ்பெற்ற நாவல்களைப் படக்கதையாக்கியது. 1947 முதல் கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்னும் பெயர் பெற்றது. முதற் பத்தாண்டில் அதன் அட்டைகள் கோட்டுச் சித்திரங்களாகவே இருந்தன. 1951இல் வெளிவந்த ஒடிசி இதழிலிருந்து வண்ணம் தீட்டிய ஓவியங்கள் அட்டையில் இடம்பெறலாயின. அதே காலத்தில் விலையும் 10 சென்டிலிருந்து 15 சென்டாக உயர்ந்தது. மலிவுப் பொருள் என்னும் எண்ணத்தை மாற்றி, நூல் என்னும் மதிப்பைப் பெறத் தீட்டிய அட்டை துணைசெய்தது எனலாம். 1962இல் தோன்றிய கோல்டு கீ நிறுவனம் இன்னும் ஒரு படி முன்சென்றது. முன்னட்டையின் ஓவியத்தை எழுத்து ஏதுமின்றிப் பின்னட்டையில் மீண்டும் அச்சிடும் வழக்கத்தை அதன் தொடக்க இதழ்களிற் காணலாம். வாசகர் அவ்வோவியத்தைப் படமாகவே வைத்துக்கொள்ள விரும்பினர் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது.

2. தீட்டும் முறை

அட்டை ஓவியருக்குப் பெரிதும் பயன்பட்டது குவாஷ் எனப்படும் ஒளி ஊடுருவாத நீர்வண்ணம். இந்திய ஓவியக் கூடங்களில் போஸ்டர் கலர் என்று வழங்கும் வண்ணமும் இவ்வினத்தைச் சார்ந்ததே. எண்ணெய் வண்ணத்தினும் இது விரும்பப்பட்டமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இது விரைவில் உலரும். திங்கள்தோறும் இதழ் வெளியிடுவோர் எண்ணெய் வண்ணம் உலரும் வரை காத்திருத்தல் இயலாது. மற்றொன்று, இது மங்கலாக உலர்வதால் ஒளிப்பதிவுக் கருவியின் முன் பளபளப்பதில்லை.

இவ்வண்ணத்துக்கென ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஈரமாக இருக்கும்போது தோன்றும் நிறம் உலர்ந்தபின் மாறும். கரிய நிறங்கள் சற்று வெளுக்கும், வெளிர் நிறங்கள் சற்றுக் கருக்கும். ஆகவே ஓவியர் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தீட்டாமல், உலர்ந்தபின் வரப்போகும் நிறத்தை மனத்திற் கொண்டு தீட்ட வேண்டியிருந்தது. அச்சில் வரப்போகும் நிறம் அதற்கும் அப்பாற்பட்டது. ஓவியத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே தனித்தனியாகப் படமெடுத்து, புள்ளித்திரையிட்டு, நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு தகடுகள் ஆக்குவர். ஒளிமிக்க ஊதா, தூய பச்சை, செம்மஞ்சள் ஆகியன இந்நான்கு மைகளின் கலப்பில் மங்கிப்போகும். எவ்வண்ணம் அச்சில் நிற்கும், எது சோரும் என்பதைப் பட்டறிவாலேயே ஓவியர் கற்றனர்.

ஓவியத்தை அச்சளவினும் பெரிதாகத் தீட்டுதல் பொதுவழக்கு. சிறிதாக்கும்போது தூரிகையின் தடங்கள் ஒடுங்கி, ஓவியம் கூர்மை பெறும். மேற்பகுதியில் வரிசையின் பெயரும் நூலின் தலைப்பும் அமைய இடம் விடப்படும். எழுத்துகள் ஓவியத்தின்மேல் நேரே எழுதப்படாமல், அதன்மேல் இட்ட ஒளிபுகும் தாளில் எழுதப்படும். தொழில் வசதிக்காகத் தோன்றிய இவ்வழக்கம், பன்மொழி நாட்டில் பெரும்பயன் தந்தது.

3. காலண்டர் ஓவிய மரபு

இந்திய அட்டை ஓவியர் இக்கலையை அமெரிக்க இதழ்களிலிருந்து மட்டும் கற்றாரல்லர். ரவி வர்மா (1848 - 1906) பம்பாயில் 1894இல் நிறுவிய அச்சகம், தெய்வ உருவங்களையும் புராணக் காட்சிகளையும் வண்ண அச்சுப் படங்களாக நாடெங்கும் பரப்பியது. சகுந்தலையும் தமயந்தியும் எத்தகைய முகமும் உடையும் உடையவர் என்பது, வெவ்வேறு மொழி பேசும் மக்களிடையே ஏறத்தாழப் பொதுக்கருத்தாகியது அப்படங்களாலேயே.

தென்னாட்டில் இம்மரபுக்குத் தனி வரலாறு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியிற் பயின்ற சி. கொண்டையராஜு (1898 - 1976), நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டியவர். பின்னர்க் கோவில்பட்டியில் தங்கி மாணவர் பலரை உருவாக்கினார். அவரும் அவர்தம் மாணவரும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாக வீடுதோறும் தொங்கின. நாடகத் திரை, காலண்டர், தீப்பெட்டிப் படம், திரைப்பட விளம்பரம், நூல் அட்டை என்பன ஆய்வாளர் வகுக்கும் பிரிவுகள். தொழிலில் இவற்றிடையே பெருஞ்சுவர் இல்லை. ஒரு துறையின் பயிற்சி மறுதுறைக்கு உதவிற்று.

இம்மரபின் அடிப்படை இயல்புகள் மூன்று: நேரே நோக்கும் முகம், நடுவில் அமையும் தலைமை உருவம், செறிவான வண்ணம். மூன்றும் தொலைவிலிருந்தே அடையாளம் காண்பதற்கு உதவுவன. கடைவாயிலில் கயிற்றில் தொங்கும் படக்கதைக்கும் வேண்டியவை இவையே.

4. பம்பாய்: ஓர் ஓவியம், பல மொழிகள்

டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திரஜால் காமிக்ஸ் என்னும் இதழைத் தொடங்கியது. 1936 முதல் அமெரிக்க நாளிதழ்களில் வந்துகொண்டிருந்த லீ ஃபாக்கின் வேதாளர் கதையே அதன் முதற்பொருள். நாளிதழ்த் தொடருக்கு அட்டை என ஒன்று இல்லை. நாளொன்றுக்கு ஒருவரிசைக் கட்டங்களே உண்டு. அதனை நூலாக்கும்போது அட்டையைப் புதிதாகப் படைக்க வேண்டியதாயிற்று. அப்பணியை மேற்கொண்டோருள் தலைமையானவர் கோவிந்த் பிராமணியா. ஆபித் சுர்த்தி 1976இல் படைத்த பகதூர் என்னும் இந்திய வீரனுக்கு உள்பக்கங்களையும் அவர் வரைந்தார். அட்டை ஓவியர் உள்பக்க ஓவியராகவும் விளங்கியமைக்கு இஃது எடுத்துக்காட்டு. இவ்விதழ் 1990இல் நின்றது.

1967இல் அனந்த் பையின் பொறுப்பில் இந்தியா புக் ஹவுஸ் வெளியிட்ட அமர் சித்திரக் கதை வரிசையிலும் அயல்நாட்டுத் தொடக்கம் உண்டு. அதன் முதற் பத்து எண்கள் சிண்டரெல்லா, பினாக்கியோ போன்ற மேலைநாட்டுக் கதைகளே. பதினொன்றாம் எண்ணாகிய கிருஷ்ணாவே இந்தியப் பொருளில் முதலாவது. அதனை வரைந்தவர் ராம் வாயிர்கர். பிரதாப் முலிக், யூசுஃப் லீன், சந்திரகாந்த் விடங்கர் முதலியோர் பின்னர் அவ்வரிசைக்கு வரைந்தனர். தொடக்க காலத்தில் செலவைக் குறைக்கும் பொருட்டு உள்பக்கங்கள் மஞ்சள், நீலம், பச்சை ஆகிய வண்ணங்களைக் கொண்டே அமைந்தன. அதே நூலின் அட்டையோ முழுவண்ண ஓவியமாகத் திகழ்ந்தது. உள்ளே சிக்கனமும் வெளியே செழுமையும் என்னும் இம்முரண், வாசகனுக்குக் குறையாகத் தோன்றவில்லை. அட்டையிற் கண்ட நிறங்களைக் கொண்டே அவன் உள்பக்கங்களையும் மனத்தில் நிரப்பிக்கொண்டான் எனக் கருத இடமுண்டு.

இவ்வரிசை தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்தது. உள்பக்கங்களில் ஒவ்வொரு பேச்சுக் குமிழியையும் மொழிதோறும் புதிதாக எழுத வேண்டும். ஒரு மொழியில் இரண்டு சொல்லில் முடியும் உரை, மற்றொன்றில் நான்கு சொல்லாக விரிந்து குமிழியை நெருக்கும். அட்டைக்கு இவ்விடர் இல்லை. ஓவியம் மாறாது, தலைப்பு மட்டும் மாறும். தலைப்பு கறுப்பு நிறத்தில் அமையுமாயின் நான்கு தகடுகளுள் ஒன்றை மாற்றினாலே போதும். தேவநாகரியின் தலைக்கோட்டுக்கும், அகன்று நீளும் தமிழ்ச் சொல்லுக்கும் ஒருசேர இடந்தரும் வகையில் மேற்பகுதியை விரிவான வானமாகவோ, இருண்ட பின்னணியாகவோ அமைத்தல் ஏற்றதாயிற்று.

இதனால் நூலின் பக்கங்களுள் மொழிபெயர்ப்பு வேண்டாத பக்கம் அட்டை ஒன்றே என்னும் நிலை ஏற்பட்டது. அவ்வாறு மொழிபெயர்ப்பின்றியே பொருள் உணர்த்த வேண்டுமாயின், எம்மொழியாரும் அறிந்த பொதுக் காட்சிமொழி ஒன்று முன்னரே இருத்தல் வேண்டும். அதனை ரவி வர்மா மரபும் காலண்டர் ஓவியமும் முக்கால் நூற்றாண்டாக உருவாக்கி வைத்திருந்தன. இப்பொதுமைக்கு ஒரு விலையும் உண்டு. அந்தந்த வட்டாரத்துக்கேயுரிய உடை, அணி, கோயில் அமைப்பு ஆகியன பொது அச்சுக்குள் கரைந்துபோக இம்முறை இடந்தந்தது. எல்லாருக்கும் புரியும் உருவம், எவருடைய ஊரையும் முழுமையாகச் சாராத உருவமாகவும் ஆகக்கூடும்.

5. சிவகாசி: அயற்கதை, உள்ளூர் ஓவியம்

சிவகாசியில் நிலைமை வேறு. தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவர பி. ஐய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்ற வரலாறு நன்கறியப்பட்டது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டும். அத்தேவையால் அச்சுத்தொழில் வளர்ந்தது. அச்சகங்களும், வண்ணப்படம் தீட்டும் ஓவியரும் அருகருகே இருந்த இவ்வூரில் 1972இல் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் 1984இல் தோன்றியது.

முத்து காமிக்ஸின் முதல் நூல் இரும்புக்கை மாயாவி. 1962 முதல் வேலியண்ட் என்னும் பிரித்தானிய வார இதழில் தொடராக வந்த கதை இது. வாரத்துக்குச் சில பக்கங்களாக வெளிவந்த இத்தகைய கதைகள் பலவற்றை நூலாக்கும்போது, அவற்றுக்குரிய அட்டையைச் சிவகாசியிலேயே தீட்ட வேண்டியிருந்தது. உள்பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. எனவே நூலில் வண்ணம் என இருந்தது ஏறத்தாழ முழுவதும் உள்ளூர் ஓவியர் தந்ததே. கதையின் சொற்களை மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கியது போல, அதன் தோற்றத்தைத் தமிழ் வாசகனுக்கு ஏற்ப ஆக்கித் தந்தவர் அட்டை ஓவியர். லயன், முத்து இதழ்களுக்கு நெடுங்காலம் அட்டை தீட்டிய மாலையப்பன் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்.

மின்சாரம் பாய்ந்தவுடன் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் என்பது மாயாவிக் கதையின் கரு. கோட்டுச் சித்திரத்தில் கதைத்தொடர்ச்சி இதனை விளக்கிவிடும். ஒரே படமாகிய அட்டையிலோ உருவமற்ற ஒருவனை உருவத்தால் உணர்த்த வேண்டும். உலோகத்தின் பளபளப்பை வண்ணத்தால் காட்டுவதே அதற்கு வழி. தெய்வத்தின் முடியையும் அணிகலன்களையும் ஒளிரத் தீட்டிப் பழகிய மரபு, இங்கே எஃகுக் கையை ஒளிரச் செய்வதற்குப் பயன்பட்டது.

இவ்வட்டைகள் அயல்நாட்டு ஓவியங்களைப் பார்த்துத் தீட்டியவை என்னும் கருத்தும் உண்டு. அவ்வாறு தீட்டியவை உள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும் தூரிகையால் படியெடுத்தல் எந்திரப் படியன்று. முகத்தின் வட்டம், தோலின் நிறம், பின்னணியின் செறிவு ஆகியன படியெடுப்பவர் பயின்ற மரபுக்கேற்ப மாறும். தழுவல் இலக்கியத்தை ஆராய்வோர் மூலத்துக்கும் தழுவலுக்கும் உள்ள வேறுபாட்டையே சிறப்பாக நோக்குவர். அம்முறை இங்கும் பொருந்தும்.

6. மூல ஓவியத்தின் நிலை

அட்டை ஓவியம் அச்சுக்காகத் தீட்டப்பட்டது. அச்சான தாளே இறுதிப் படைப்பு. தீட்டிய ஓவியம் அதற்குரிய கருவி. இக்கருத்து வெளியீட்டாரிடம் மட்டுமன்றி ஓவியரிடமும் நிலவியது. எனவே தகடு ஆனபின் மூலத்தைப் பேண வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெறவில்லை. உள்பக்க ஓவியர் பெயர் அச்சிடப்படும் நூல்களிலும் அட்டையைத் தீட்டியவர் பெயர் இடம்பெறாமை உண்டு.

அமெரிக்காவிலும் இந்நிலையே நெடுங்காலம் இருந்தது. ஃபிராங்க் ஃபிரசெட்டா (1928 - 2010) போன்ற சிலர் தம் மூல ஓவியங்களைத் திரும்பப் பெற்று வைத்துக்கொண்டமையால் மாற்றம் நேர்ந்தது. ஈரி என்னும் இதழின் அட்டைக்காக 1969இல் அவர் தீட்டிய எகிப்திய அரசி ஓவியம், 2019இல் 54 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. விலை இங்கு முதன்மையன்று. மூலம் எஞ்சியிருந்தமையால், அச்சில் மறைந்த தூரிகைத் தடத்தையும் திருத்தங்களையும் ஆராய வாய்ப்புக் கிட்டியது என்பதே கருதத்தக்கது.

ரவி வர்மாவின் பெயர் தாங்கிய அச்சகமே 1972இல் தீக்கு இரையாயிற்று. பெரும்புகழ் பெற்ற நிறுவனத்தின் நிலை இதுவாயின், சிறுவர் இதழ்களின் ஓவியங்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. மேலும், கணினிவழி வண்ணமிடும் முறை பரவியபின் கைவண்ண அட்டையின் தேவையும் குறைந்தது. லயன், முத்து நூல்கள் 2012 முதல் முழுவண்ண உள்பக்கங்களோடு வெளிவரத் தொடங்கியபோது, அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் இடையிலிருந்த பழைய வேறுபாடும் சுருங்கிவிட்டது.

முடிவுரை

பம்பாயில் ஓர் ஓவியம் பல மொழிகளைத் தாங்கியது. சிவகாசியில் ஒரு மொழிப் பதிப்புக்கெனப் புதிய ஓவியம் பிறந்தது. முன்னது மொழிபெயர்ப்பு வேண்டாத பக்கம்; பின்னது தானே மொழிபெயர்ப்பாக அமைந்த பக்கம். இரண்டுக்கும் அடிப்படை காலண்டர் ஓவிய மரபே.

மொழிபெயர்ப்பு வரலாறு எழுதுவோர் சொற்களோடு நின்றுவிடாமல் அட்டையையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும். நூலகங்கள் பழைய படக்கதைகளைக் கட்டடம் செய்யும்போது அட்டையைக் களையாது காத்தல் முதற்பணி. ஒரே நூலின் பன்மொழிப் பதிப்புகளை அருகருகே வைத்துப் பட்டியலிடுதல் இரண்டாவது. இவற்றைத் தீட்டியவருள் இன்று வாழ்வோரிடம் அவர்கள் கையாண்ட வண்ணம், தாள், அளவு, பெற்ற ஊதியம் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் மூன்றாவது. முதலிரண்டும் காலந்தாழ்த்தினும் ஓரளவு இயலும். மூன்றாவது அவர்கள் உள்ளபோதே செய்தற்குரியது.