யாருடைய துணிக்கு எந்தத் தூள்

பாளையம்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் துவைக்கல்லுக்குப் பக்கத்து மாடத்தில் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் சர்ஃப். இன்னொன்றில் கடையில் நிறுத்து வாங்கிய உதிரிச் சோப்புத் தூள். அதற்குப் பெயர் கிடையாது. மூடியைத் திறந்தால் காரம் மூக்கில் ஏறும். சர்ஃப் டப்பாவுக்குள் மட்டும் ஒரு சிறு கரண்டி கிடக்கும். மில்லில் கணக்கு எழுதப் போகும் அப்பாவின் வேட்டிக்கும் சட்டைக்கும் அதில் ஒரு கரண்டி, அண்ணனின் பள்ளிக்கூடச் சட்டைக்கு அரைக் கரண்டி. அம்மாவின் சேலை, என் பாவாடை எல்லாம் உதிரித் தூளில்தான். அப்பத்தா கைம்பெண், வெள்ளைச் சேலை உடுத்தியவள். அவள் சேலையும் உதிரித் தூளில்தான் ஊறும். அப்பாவின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, அப்பத்தாவின் வெள்ளை வருஷத்துக்கு வருஷம் பழுத்தது. கடைசியில், எல்லாத் துணியும் துவைத்து முடித்த அழுக்குத் தண்ணீரில் தூமைத் துணி நனையும். முதலில் அம்மாவுடையது, 1990களின் தொடக்கத்திலிருந்து என்னுடையதும்.

அன்றாடத் துவைப்புக்கு விலை கூடிய தூள் நல்லதா, மலிவான தூள் போதுமா என்று இன்றும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு அம்மா வைத்திருந்த பதில் யாருடைய துணி என்பதுதான். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் அவள் தானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அதற்கு நெடிய வரலாறு இருக்கிறது.

தமிழில் சலவையைப் பற்றிக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று புறநானூற்றின் 311ஆம் பாட்டு. பாடியவர் ஔவையார். களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி நாள்தோறும் துவைத்த தூய வெள்ளைத் துணி அதில் வருகிறது. அதை உடுத்தியிருப்பவன் ஒரு வீரன். தூசி படிந்த தெருவில் உட்கார்ந்து பிறர் குறை தீர்ப்பதால் அந்த வெள்ளை அழுக்காகிறது. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் வீரனின் சால்பைப் பற்றித்தான் பாடக் குறிப்பு பேசும். எனக்குக் கண் போவது கிணற்றின் மேல். களர் என்றால் உப்புக் காரம் ஏறிய மண். அந்தக் காரம் அழுக்கை எடுக்கும் என்பது அன்றைக்கே புலைத்திக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு அந்தப் பாட்டில் பேர் இல்லை. அவள் கை நாளெல்லாம் ஊறிய தண்ணீர் எப்படிப்பட்டது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்காரர்களுக்கு அந்த மண்ணை விளக்க வேண்டியதில்லை. மழை குறைந்த கரிசல் பூமியில் ஆங்காங்கே உவர் பூத்துக் கிடக்கும். வண்ணார் குடும்பத்துப் பெண்கள் அந்த உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்து, தெளிந்த காரநீரில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி அவித்து எடுப்பார்கள். பிறகு கண்மாயிலோ ஊருணிக் கரையிலோ அடித்து அலசி வெயிலில் காயப்போடுவார்கள். அந்தக் காரமும் இன்று மலிவுத் தூள்களில் சேர்க்கும் சோடா சாம்பலும் ஒரே இனம். மலிவுத் தூளின் பாட்டி உவர்மண்தான்.

எங்கள் தெருவுக்கு வெளுத்துணி எடுக்க ஒரு பாட்டி வருவார். எனக்கு எட்டு வயதிருக்கும்வரை வந்தார். அம்மாவை அவர் “தாயி” என்பார், என்னைப் “பாப்பா” என்பார். நானோ அவரைப் பேர் சொல்லி “வா, போ” என்பேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அவரும் திருத்தவில்லை. பிள்ளைப்பேறு, சாவு, பெண் வயதுக்கு வருவது என்று தீட்டு என்று சொல்லப்பட்ட எல்லாவற்றின் துணியும் அவர் தலைச்சுமையில் போகும். கூலி ராத்திரிச் சோறும், அறுப்புக் காலத்துத் தானியமும், நல்லநாளில் ஒரு பழஞ்சேலையும். எந்த வீட்டில் பெண் உட்கார்ந்திருக்கிறாள், எந்த வீட்டில் கரு கலைந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊர்ப் பெண்களின் உடம்பு வரலாற்றைத் துணி வழியாக வாசித்த அவருக்கு ஊரில் திண்ணைக்குக் கீழேதான் இடம்.

தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்களின் நிலை இதனினும் கீழே. கண்ணில் பட்டாலே தீட்டு என்று விலக்கப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுக்கெனத் தமிழ்நாட்டு அரசு நலவாரியம் அமைத்தது 2009இல்தான். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது ஊர்ச்சோறு எடுக்கும் ஒரு வண்ணாத்தியின் வாழ்க்கை முழு நாவலாயிற்று. லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளை ஒருத்தியைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஊர்விலக்கு வைக்கும்போது வண்ணாரையும் நாவிதரையும் அந்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது பழைய வழக்கம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். சலவை வெறும் சுத்தமாக இருந்ததில்லை. யார் யாருக்கு மேலே என்று சொல்லும் வேலையும் அதற்கு இருந்தது.

இந்த அமைப்புக்குள்தான் சோப்பு வந்தது. 1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்பு கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியது. நகரத்தில் அது பரவியது. வறண்ட சீமையில் அதற்கு ஒரு தடை இருந்தது: தண்ணீர். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தால் நுரைக்காது, தயிர் திரிந்ததுபோல் திரிதிரியாய்த் துணியில் ஒட்டும். பாதிச் சோப்பு தண்ணீரோடு சண்டை போட்டே கரையும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பொருளால் செய்த டிடர்ஜென்ட் தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. இந்துஸ்தான் லீவர் 1959இல் சர்ஃபைக் கொண்டுவந்தது. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த பெண்களுக்கு, உப்புத் தண்ணீரிலும் நுரைத்த தூள் ஒரு பெரிய விஷயம். ஆனால் அதன் விலை சம்பளக்காரர் வீட்டு விலை.

1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் என்ற வேதியியல்காரர் தன் வீட்டுப் பின்புறத்தில் தூள் கலந்து, சைக்கிளில் வீடு வீடாக விற்கத் தொடங்கினார். மகள் நிருபமாவின் பெயரிலிருந்து பிறந்தது நிர்மா. முன்னணித் தூள் கிலோ சுமார் 13 ரூபாய்க்கு விற்றபோது அவருடையது சுமார் 3 ரூபாய். சர்ஃபை எட்டிப் பார்க்க முடியாத வீடுகளுக்குள் அது நுழைந்தது. 1980களின் நடுவில் சர்ஃபை விற்பனையில் முந்தியது. பெரிய கம்பெனி விழித்துக்கொண்டு வீல் என்ற மலிவுத் தூளைச் சந்தைக்கு அனுப்பியது. பாளையம்பட்டி போன்ற ஊர்களுக்கு இவை வந்து சேர்ந்தது பலசரக்குக் கடைகள் வழியாக. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டையோடு பாளையம்பட்டியும் 19ஆம் நூற்றாண்டில் நாடார் வணிகம் வேரூன்றிய ஆறு ஊர்களில் ஒன்று. கடைக்குக் குறைவில்லாத ஊர். பெயர்பெற்ற மலிவுத் தூளையும் வாங்க முடியாதவர்களுக்கு அதே கடையில் உதிரித் தூள் இருந்தது.

மலிவுத் தூளுக்கு எதிராக சர்ஃப் 1984இல் நிறுத்தியது ஒரு பெண்ணை. லிண்டாஸ் நிறுவனத்தின் அலிக் பதம்சீ உருவாக்கிய லலிதாஜி. மலிவானது வேறு, நல்லது வேறு, கணக்குத் தெரிந்தவள் நல்லதை வாங்குவாள் என்பது அவள் வாதம். அரைக் கிலோ சர்ஃப் ஒரு கிலோ மலிவுத் தூளுக்குச் சமம் என்று கணக்கும் காட்டினாள். லலிதாஜியாக நடித்த கவிதா சௌத்ரி பின்னாளில் தூர்தர்ஷனில் ‘உடான்’ தொடரை எழுதி இயக்கி, காவல்துறை அதிகாரியாகவே நடித்தார். அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையை ஒட்டிய கதை அது. அக்கா 2004இல் உத்தராகண்டில் காவல்துறைத் தலைவரானார், இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஆனால் நாட்டுக்கு அதிகம் ஞாபகம் இருப்பது தூள் வாங்கிய லலிதாஜிதான். வீட்டுப் பெண்ணின் புத்திசாலித்தனத்தைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்ட விளம்பரம் அது, மறுக்கவில்லை. அந்தப் புத்திக்கு அது விட்டுக்கொடுத்த இடம் கடை வாசல்வரைதான். துவைக்கல்லில் உட்கார்வது யார் என்ற கேள்வி அதில் எழவேயில்லை.

தூளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விலைக் கணக்கு வேறுமாதிரி ஆகிறது. இரண்டிலும் அழுக்கை எடுக்கும் டிடர்ஜென்ட் உண்டு, விலை கூடியதில் பொதுவாக அது அதிகம். மலிவுத் தூளில் சோடா சாம்பலின் பங்கு கூடுதல். சாம்பல் அழுக்கை எடுக்கும், கையின் எண்ணெய்ப்பசையையும் சேர்த்து எடுக்கும். விலை உயர்ந்த தூளில் வாசனையும் ஒளிவெளுப்பியும் என்சைமும் இருக்கும். ஒளிவெளுப்பி அழுக்கை எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக வெளியே விட்டு, பழுப்பை மறைக்கிறது. நம் பாட்டிமார் கடைசித் தண்ணீரில் கலந்த நீலமும் இதே கண்கட்டைத்தான் செய்தது. கலர்ச் சேலைக்கு அது வேண்டியதில்லை. நுரையும் சுத்தத்தின் அளவு இல்லை. நுரை அதிகம் என்றால் அலசத் தண்ணீர் அதிகம். குடிதண்ணீர் நாள்கணக்கில் தள்ளி வரும் ஊரில் ஒரு குடம் கூடுதல் அலசல் என்பது தூளின் விலையோடு கூட்ட வேண்டிய செலவு. அந்தக் குடத்தைத் தூக்கியவள் கூலியை எந்தப் பாக்கெட்டிலும் அச்சடிப்பதில்லை.

என்சைமைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990களில் இங்கே பரவிய என்சைம் தூள்களில் உள்ள ஒரு வகை புரதத்தைச் சிதைப்பது. வியர்வை, பால், ரத்தம் போன்ற கறைகளுக்கு ஏற்றது. அதாவது அந்த விலை உயர்ந்த தூளால் எங்கள் வீட்டில் உண்மையான பயன் பெற்றிருக்கக் கூடியவை இரண்டு: பிள்ளைத் துணி, தூமைத் துணி. அப்பாவின் கணக்குப்பிள்ளைச் சட்டையில் கழுத்துப்பட்டி அழுக்கைத் தவிர ஒன்றுமில்லை. ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போட்டால் இறுகிவிடும், பச்சைத் தண்ணீரில்தான் போடவேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும். வேதியியல் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் நல்ல தூளை அந்தத் துணிக்குப் போட அவள் கை போகாது. போட்டால் கரண்டி தீட்டாகும் என்று நினைத்தாளோ, காசு வீண் என்று நினைத்தாளோ, இரண்டும் ஒன்றாகவே அவளுக்குள் இருந்தன. நானும் கேட்கவில்லை. அந்தத் துணியை வெயில் படாத மூலையில், பாவாடைக்கு அடியில் காயப்போட்டுப் பழகிய தலைமுறைதான் நானும்.

தூள் வந்ததும் வெளுத்துணி பாட்டியின் வரவு குறைந்தது. முதலில் வாரத் துணி நின்றது. தீட்டுத் துணிக்கு மட்டும் கூப்பிட்டார்கள். பிறகு அதுவும் நின்றது. பிறர் ரத்தத்தைச் சுமக்கும் கட்டாயம் ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறங்கியது. அது நல்லதே, அதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை. ஆனால் தலைமுறைகளாகச் சோற்றுக்குச் செய்த வேலைக்கு எந்தக் கணக்கும் தீர்க்காமல் அவரை அனுப்பிவிட்டோம். அவர் இறக்கிவைத்த சுமை அம்மாவிடம் வந்தது. முன்பு சாதியின் பெயரால் ஒருத்தி செய்ததை, இப்போது மனைவி என்ற பெயரில் இன்னொருத்தி செய்தாள். அவளுக்கு ராத்திரிச் சோறுகூடக் கூலியாகக் கிடைக்கவில்லை, அந்தச் சோற்றையும் அவள்தான் பொங்கினாள். துவைத்த நாள்களில் அம்மா சோறு பிசையும்போது விரலிடுக்கு எரியும். தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாள். உதிரித் தூளின் விலையில் மிச்சம் பிடித்தது அங்கே செலவானது.

2015இல் ஏரியல் விளம்பரம் சலவை பெண்ணுக்கு மட்டுமான வேலையா என்று கேட்டது. நல்ல கேள்வி. தூள் விற்கவே கேட்டார்கள் என்றாலும் கேள்வி கேள்விதான். ஆனால் அது இயந்திரமும் ஓடும் குழாயும் உள்ள வீட்டைப் பார்த்துக் கேட்டது. பொத்தானை அழுத்துவதில் பங்கு கேட்பது எளிது. துவைக்கல்லில் பங்கு கேட்க இங்கே யாரும் விளம்பரம் எடுக்கவில்லை.

தூள் வாங்கப் போகும் தோழிகள் என்னைக் கேட்டால் சொல்வது இதுதான். கையால் துவைப்பவர் விலையைப் பார்க்கும் முன் தன் விரலைப் பார்க்கட்டும். காரம் குறைந்ததை, கொஞ்சமாகப் போட்டு, இரண்டு அலசலில் முடிகிறதா என்று பாருங்கள். கலர்த் துணிக்கு வெளுப்புக்காகக் காசு கொடுக்காதீர்கள். கறைக்கு என்சைம் தூள் வாங்கினால், அது முதலில் போகவேண்டியது கறை உள்ள துணிக்கு. அது யாருடைய துணியாக இருந்தாலும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. மாடத்தில் இப்போது ஒரு டப்பாதான் இருக்கிறது. திறந்து பார்த்தேன், உதிரித் தூள். “இன்னும் ஏம்மா இது?” என்றேன். “வெள்ளைச் சட்டை போட வீட்ல யாரிருக்கா? என் துணிக்கு இது போதாதா?” என்றாள். நான் பையிலிருந்த நல்ல தூளை எடுத்து, அவளுடைய சேலையை ஊறவைத்தேன். கரண்டியைத் தேடினேன். அதை அவள் எங்கோ பத்திரமாக எடுத்துவைத்திருந்தாள். எங்கே என்று அவளுக்கே ஞாபகமில்லை. கையாலேயே அள்ளிப் போட்டேன். “வீணாக்காதடி” என்று அம்மா அடுக்களையிலிருந்து சத்தம்போட்டுக்கொண்டே இருந்தாள்.