எஸ்ஏடி ஸ்கோர்: இலவசம்னு உடனே அனுப்பிடலாமா?

அமெரிக்கக் காலேஜ்களுக்கு அப்ளை பண்றீங்களா? எஸ்ஏடி எழுதி 9 நாளுக்குள் பெயர் கொடுத்தால், தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு 4 கல்லூரிகளுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பும். அதன்பிறகு ஒவ்வொரு கல்லூரிக்கும் டாலர்ல கட்டணம். சிக்கல் என்னன்னா, அந்த 9 நாள்ல உங்க மார்க் உங்களுக்கே தெரியாது!

மறுபடி எழுதுற ஐடியா இருந்தா, காசு போனாலும் காத்திருங்க. ரிசல்ட் பார்த்துட்டு, எந்தத் தேதியில் எழுதியதை அனுப்பணும்னு 'ஸ்கோர் சாய்ஸ்' மூலம் நீங்களே முடிவு செய்யலாம். ஆனா, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நீங்க எழுதின எல்லா தேர்வு மார்க்கையும் கேட்கும். அங்கே மறைக்க வழியில்லை, இலவச வாய்ப்பைத் தாராளமா பயன்படுத்துங்க.

யூசி பெர்க்லி, யூசிஎல்ஏ பக்கம் அனுப்பி வீணாக்க வேண்டாம். அட்மிஷனுக்கு அவங்க எஸ்ஏடியைப் பார்க்கிறதே இல்லை. எம்ஐடிக்கு விண்ணப்பத்தில் நீங்களே மார்க்கை டைப் செய்தால் போதும். அதிகாரபூர்வ ரிப்போர்ட் சேரும்போதுதான்.

நவம்பர் 1 கெடு வைத்திருக்கும் கல்லூரிக்கு ஏர்லி அப்ளை செய்றவங்க மட்டும், ரிசல்ட் வரும் நாளையும் ரிப்போர்ட் போய்ச்சேரும் நாளையும் இப்பவே காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கோங்க.