தரவுத்தளங்களில் அளவீட்டு மதிப்புகள்

ஓர் அளவீட்டைத் தரவுத்தளத்தில் சேமிக்க எண் மட்டும் போதாது, அலகும் வேண்டும். நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்கு அருகே தொலைந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று கணத்தாக்கைப் பவுண்டு-விசை விநாடியில் எழுத, அடுத்த மென்பொருள் அதை நியூட்டன்-விநாடியாக எடுத்துக்கொண்டது. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு.

எளிய வழி, ஒரு நெடுவரிசைக்கு ஒரே அலகை நிர்ணயித்து அதை 'எடை_கிகி' என்பதுபோலப் பெயரிலேயே சேர்ப்பது. அலகுகள் கலந்து வரும் இடங்களில் எண்ணும் அலகும் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்கும். அப்படியே வரிசைப்படுத்தினால் 900 கிராம், 2 கிலோவைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கென அடிப்படை அலகுக்கு மாற்றிய மதிப்பையும் உடன் வைப்பார்கள். அதற்காக, உள்ளிட்டவர் எழுதிய மூல மதிப்பை அழிப்பது தவறு. பின்னாளில் பிழை தேடும்போது அதுவே சான்று.

அலகைக் கைபோன போக்கில் எழுதவிடக் கூடாது. மருத்துவத் துறையில் 'யூகம்' என்ற அலகுக் குறியீட்டு முறை வழக்கில் உள்ளது. 'ஃபையர்' என்னும் மருத்துவத் தரவுத் தரநிலை, மனிதர் படிக்கும் அலகையும் கணினிக்கான குறியீட்டையும் வெவ்வேறு புலங்களில் வைக்கிறது.

எல்லா அலகு மாற்றமும் வெறும் பெருக்கல் அல்ல. 10 டிகிரி செல்சியஸ் என்பது 50 டிகிரி ஃபாரன்ஹீட். ஆனால் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது 18 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்வு. ஒரே அலகுப் பெயர், இரண்டு கணக்கு. ரத்தச் சர்க்கரையை இந்திய ஆய்வகங்கள் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு மில்லிகிராமிலும், பிரிட்டன் ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிமோலிலும் தருகின்றன. 5.5 மில்லிமோல் ஏறத்தாழ 99 மில்லிகிராம். அதாவது 18 மடங்கு. கொலஸ்ட்ராலுக்கு அதுவே சுமார் 38.67 மடங்கு. மூலக்கூறு எடை பொருளுக்குப் பொருள் மாறுவதால், எந்தப் பொருள் என்று தெரியாமல் இந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது.

எண் வகையும் கவனிக்க வேண்டியது. இரும மிதவைப்புள்ளி எண்ணில் 0.1 துல்லியமாக அடங்காது, 5.0 என்று அளந்ததற்கும் 5 என்று அளந்ததற்கும் உள்ள வேறுபாடும் அதில் மறைந்துவிடும். பதின்ம வகையே பாதுகாப்பு.

காட்சிக்கான அலகு மாற்றமும் முழுதாக்கலும் திரையில் காட்டும்போது நடக்க வேண்டியவை. 5 அடி 7 அங்குல உயரம் 170.18 செ.மீ. அதை 170 என்று சுருக்கிச் சேமித்தால், திரும்ப மாற்றும்போது 66.93 அங்குலம் வரும். பின்னத்தை வெட்டிக் காட்டும் நிரலில் அதே ஆள் 5 அடி 6 அங்குலமாகிவிடுவார்.